கல்லுக்கு மேலே கரணை

மதுரையில் புதுமண்டபத்துக்குக் கிழக்கே இராயகோபுரம் என்று ஒன்று இருக்கிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தொடங்கிவைத்த அந்த நிர்மாணத்தின் அடித்தளம் மீனாட்சியம்மன் கோயிலின் மற்றக் கோபுரங்களின் அடித்தளத்தைக் காட்டிலும் மிகப் பெரியது. ஒற்றைக் கல்லாலான நெடிய நிலைத்தூண்களும், அவற்றின்மேல் செதுக்கிய கொடிவேலையும் இன்றும் குறைவின்றி இருக்கின்றன. ஆயினும் அண்ணாந்து பார்ப்பவனுக்குக் கோபுரம் புலப்படுவதில்லை, ஆகாயம்தான் புலப்படுகிறது. கல்தச்சனுடைய உளி அங்கே தன் கைங்கர்யத்தைப் பெரும்பாலும் செய்துவிட்டது. கொத்தனுடைய கரணைதான் ஏறவில்லை. வேலை ஏன் நின்றது என்பதற்கு ஊரில் பல கதைகள் உண்டு. கதைகள் எப்படியிருப்பினும், கல்லோடு நின்றுபோன கோபுரம் கோபுரமாகாது என்பதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் வேண்டியதில்லை.

மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான் நேர்ந்திருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ண வீரப்ப நாயக்கர் காலத்தில் எழத் தொடங்கிய அது, மேல்நிலைகள் நிறைவெய்தாமல் முந்நூறு ஆண்டுகள் இருந்து, ஊராரிடம் மொட்டைக் கோபுரம் என்று பெயர் வாங்கி, 1878-ஆம் ஆண்டில்தான் அமராவதிபுதூர் வயிநாகரம் செட்டியார் குடும்பத்தாரின் பொருளுதவியால் சிகரம் கண்டது. சிகரம் வந்த பிறகும் பழைய பெயர் போகவில்லை. வேறு கோபுரங்களில் சுதை உருவங்கள் நெருங்கிக் கிடக்க, இதில் அவை அருகியே காணப்படுவதால் பெயர் இன்னும் பொருந்துகிறது என்றும் சொல்லலாம். எல்லாவற்றிலும் உயரமான தெற்குக் கோபுரமோ, 1559-இல் சிராமலை செவ்வந்தி மூர்த்திச் செட்டியாரால் கட்டுவிக்கப்பெற்று, ஏறத்தாழ 170 அடி உயர்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட உருவங்களைத் தாங்கி நிற்கிறது. இந்த உயரத்தில் கருங்கல் என்பது அடிப்பாகம் மட்டுமே. அதற்கு மேற்பட்ட ஒன்பது நிலைகளும் செங்கல்லும் சுண்ணாம்பும். உள்ளே கூடாக விடப்பட்டு, மேலே போகப் போகக் குறுகி, பாரத்தைக் கல்லின்மேல் மெல்ல இறக்கும் கட்டு. அத்தனை உயரமும் கல்லாகவே இருந்திருந்தால் அடித்தளம் தாங்கியிராது. தூரத்திலிருந்து ஊருக்கு வருகிறவன் முதலில் காண்பதும், மதுரை என்றதும் மனத்தில் எழுவதும், ஆகவே, கரணையின் வேலைதான். புகழ் மாத்திரம் உளிக்குப் போயிற்று. புதுமண்டபத்தைப் பற்றிப் பேசுவோர் சுமந்திரமூர்த்தி ஆசாரியின் பெயரைச் சொல்லவும் அவரைப் பற்றிய கதைகளைச் சொல்லவும் கேட்கிறோம். கோபுரத்தில் சாரம் கட்டி ஏறிச் சாந்து அப்பிய ஒரு கொத்தனின் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை.

கரணை எளிய சாதனம். இலை வடிவில் தட்டிய ஓர் இரும்புத் தகடு, அதன் அடியிலிருந்து எழுந்து வளையும் ஒரு கழுத்து, கழுத்தைப் பொதிந்த ஒரு மரப்பிடி, இவ்வளவே. கொல்லறு என்று அகராதிகள் சொல்லும். சாந்துக்கரண்டி என்று சிலர் சொல்வர். தூக்குக்குண்டும் மூலைமட்டமும் ரசமட்டமும் மணியாசுக் கட்டையும் கொத்தனாரின் பையில் உடனிருப்பினும், அவை அளப்பதற்கோ தேய்ப்பதற்கோ ஒரு வேளையில் எடுத்து மறு வேளையில் வைக்கப்படுகிறவை. கரணையோ காலையில் கையில் ஏறினால் உச்சிவேளைக் கஞ்சிக்குத்தான் கீழே இறங்கும். செங்கல் வரிசை வைக்கிற ஒரு தேர்ந்த கொத்தனாரைச் சற்று நின்று கவனித்தால் இந்தத் தகடு எத்தனை வேலைக்கு ஆளாகிறது என்பது விளங்கும். சட்டியிலிருந்து சாந்தை அள்ளுவதும், அதை நீளவாக்கில் இழுத்துப் படுக்கை இடுவதும் அதன் உட்புறம்; கல்லை வைத்தபின் நூலுக்கு ஒத்துவரும்வரை தட்டி அமர்த்துவது பிடியின் முனை; இரண்டு பக்கமும் பிதுங்கி வழியும் சாந்தைச் சீவியெடுப்பது அதன் ஓரம்; சீவியதைக் கீழே விடாமல் அதே வீச்சில் அடுத்த கல்லின் சந்தில் எறிவது மணிக்கட்டின் சாதுரியம். அரைக்கல் வேண்டுமென்றால் ஓரத்தால் ஒரு வெட்டு வெட்டுவார், கல் இரண்டாகும். கல்லைக் கையில் ஏந்திப் பிடியால் தட்டி, கணீரென்றால் வைப்பார், மந்தமாக ஒலித்தால் ஒதுக்குவார். பல ஆண்டு உழைத்த கரணையைக் கண்டால் அதன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கோணியிருக்கும். உடையவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆனால் இன்று நாம் காணும் கரணை சிமெண்டுக்குப் பழகிய கரணை. அதன் பூர்வ வாழ்க்கை சுண்ணாம்போடு கழிந்தது. அந்த வாழ்க்கையின் வேகமே வேறு. சுண்ணாம்புக்கல்லையோ கடற்கிளிஞ்சலையோ காளவாசலில் சுட்டு எடுத்த நீற்றுக்கட்டியைத் தொட்டியிலிட்டு நீர் வார்த்தால் அது கொதித்துப் பூத்து மாவாகும். மதுரையின் மேற்குப் பகுதி ஒன்று காளவாசல் என்றே இன்றும் வழங்கிவருகிறது. அந்த நீறு உடனே சுவரேறுவதில்லை. வாரக்கணக்கில், நல்ல வேலையென்றால் மாதக்கணக்கில், நீருக்குள் கிடந்து ஊற வேண்டும். பிறகு மணல் சேர்த்து, வட்டமான கல்வாய்க்காலில் மாடு பூட்டிய கல்லுருளையை ஓடவிட்டு வெண்ணெய்ப் பதமாக அரைக்க வேண்டும். கடுக்காயை ஊறவைத்த நீரும் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்த நீரும் அதில் சேர வேண்டும். கடுக்காயின் துவர்ப்பும் கருப்பட்டியின் இனிப்பும் சாந்துக்கு எதற்கு என்று வியப்பவர் உண்டு. சாந்து விரைந்து உலராமல் கரணைக்கு இணங்கி நெடுநேரம் நிற்பதற்கும், உலர்ந்தபின் இறுகிப் பிடிப்பதற்கும் அவை உதவின என்பது அனுபவத்தில் அறிந்த உண்மை. இரசாயனம் அதற்கு விளக்கம் சொல்லப் பின்னால் வந்தது. சுவரேறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக உட்கொண்டு, எந்தக் கல்லைச் சுட்டு எடுத்தார்களோ அந்தக் கல்லாகவே திரும்புகிறது. அதற்குள் பூச்சில் வெடிப்பு விழாமலிருக்க வேண்டுமானால், ஒவ்வொரு படலத்தையும் கரணையால் அழுத்தி அழுத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். சுண்ணாம்புக் கொத்தனின் திறமை பூசுவதில் இருந்ததைவிட அழுத்துவதில் இருந்தது. அழுத்துவதற்கு ஏற்ற வேளை வரும்வரை காத்திருப்பதில் அதைவிட அதிகமாக இருந்தது.

இந்தப் பழக்கம் இப்பிரதேசத்தில் எவ்வளவு தொன்மையானது என்பதற்குச் சான்றுகள் இப்போது கிடைத்திருக்கின்றன. மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் 2015-இல் தொடங்கிய அகழாய்வு செங்கற் கட்டுமானங்களை வெளிக்கொணர்ந்தது. மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே கிடைத்த செங்கல்லில் சிலிக்கா 80 சதவீதத்தளவும் சுண்ணாம்பு 7 சதவீதமும் இருந்தன. சுண்ணாம்புச் சாந்திலோ 97 சதவீதம் சுண்ணாம்பே. அவ்வளவு தூய சுண்ணாம்பைச் சுட்டெடுக்கத் தெரிந்தவர்களுக்கு அதை வழித்துப் பூசவும் ஏதோ ஒரு கருவி இருந்தே இருக்க வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றியதென்று உரைகாரர் கொள்ளும் நெடுநல்வாடையிலும் அரண்மனையின் வருணனை வருகிறது: நூல் பிடித்துத் திசை கண்டு மனை வகுத்ததும், வெண்சுதை பூசிய பரப்பு ஒளிர்ந்ததும் நக்கீரர் கண்ணுக்குத் தப்பவில்லை. பூசியவனை அவரும் சொல்லவில்லை; அரசனைப் பாட வந்த இடத்தில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

கரணையின் பெருமையை மதுரையில் முழுதாகக் காண வேண்டுமானால் திருமலை நாயக்கர் மகாலுக்குத்தான் போக வேண்டும். 1636-ஐ ஒட்டி எழுந்த இம்மாளிகையில், கல்லின் பிரதாபத்தை எதிர்பார்த்துச் செல்கிறவனுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. முற்றத்தைச் சூழ்ந்த பிரம்மாண்டமான தூண்கள், தூண்களுக்கு மேல் எழும் கவான்கள், கவான்களின் இடையே கொடியும் இலையும் யாளியுமாகப் படரும் சுதை அலங்காரம், சொர்க்கவிலாசத்தின்மேல் ஏறக்குறைய அறுபது அடி உயரத்தில் ஒரு மரவிட்டமோ இரும்புச் சட்டமோ இன்றிக் கவிந்திருக்கும் விமானக் கூரை ஆகிய எல்லாவற்றிலும் கண்ணில் படுவது செங்கல்லும் சாந்தும் செய்த சித்துவேலையே. மேற்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்தார்கள். அந்தக் கடைசிப் படலம் தகட்டளவு மெல்லியது. அதைக் கரணையால் இழைத்தபின் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுவர் நீர் விடும். துணியால் ஒற்றிவிட்டு மறுபடி தேய்ப்பார்கள். நீர் விடுவது நின்று, முகம் தெரியும் பளபளப்பு வந்தாலொழிய வேலை முடிந்ததாகக் கொள்வதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் தொட்டுப் பார்த்துச் சலவைக்கல்லோ என்று மயங்கும் சுவர்கள் இந்த வகைப் பூச்சுதான். இத்தாலியச் சிற்பி ஒருவர் மகாலை வகுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. வகுத்தவர் எவராயினும் பூசியவர்கள் நம்மவர்கள். கவானின் வடிவம் கடல் கடந்து வந்திருக்கக் கூடும், கடுக்காய்ச் சாந்து வந்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அந்த மாளிகையில் இன்று எஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்கு என்பார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது மகாலின் பல பகுதிகளைப் பிரித்துக் கொண்டுபோனார். மரமும் கல்லும் வண்டியேறும், சாந்து ஏறாது. பெயர்த்த இடத்தில் பூச்சு வேலையெல்லாம் தூளாகிப் போனதுதான் மிச்சம். 1792-இல் மதுரைக்கு வந்த தானியல் என்னும் ஆங்கில ஓவியர்கள் பாழடைந்த மாளிகையைத்தான் வரைந்துகொண்டு போனார்கள். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு அதன் சௌந்தர்யத்தில் ஈடுபட்டுப் பழுதுபார்க்கும் பணியைத் தொடங்கிவைத்திராவிட்டால், எஞ்சியதும் எஞ்சியிராது.

வெள்ளைக்காரர்களுக்கு நம் சாந்தின்மேல் அதற்கு முன்பே கண் விழுந்திருந்தது. செயிண்ட் ஹெலினா தீவின் கவர்னராயிருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் உயர்ந்த சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து எழுதியதை லண்டன் ராயல் சொஸைட்டி 1732-ஐ ஒட்டித் தன் சஞ்சிகையில் வெளியிட்டது. மணல் இத்தனை, சுண்ணாம்பு இத்தனை என்று அளவு சொல்லி, வெல்லத்தைக் கரைத்து, பயற்றையும் கடுக்காயையும் வேகவைத்து அந்த நீரைச் சேர்க்கச் சொல்லும் அந்தக் குறிப்பைப் படித்தால், ஒரு கொத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியது போலவே இருக்கிறது. கேட்டது எவரிடம் என்பதற்கு அங்கும் பெயர் கிடையாது.

சாந்தைப் பற்றிப் பேசும்போது அதைச் சுமந்தவர்களைச் சொல்லாமல் விடுவது தகாது. மரவிட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் போடும் பழைய மொட்டைமாடித் தளத்தைப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். தட்டும் தாளத்துக்கு ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். இடையிடையே கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பார்கள். கட்டை எகிறித் திரும்பும் பதம் வந்த பிறகே கொத்தனார் வந்து தட்டோடு பதித்துப் பூசுவார். சாந்தின் பதத்தை விரலால் தொட்டே சொல்லிவிடும் சித்தாள், அதைத் தலையில் சுமந்து சாரம் ஏறி இறங்கியே வயது போக்குவாள். நேற்று வந்த பையன் நான்கு ஆண்டில் கரணை பிடித்துக் கூலி ஏறப்பெறுவான். அவள் கையில் கரணை பெரும்பாலும் ஏறுவதில்லை. சரஸ்வதி பூஜையன்று கரணைக்கும் தூக்குக்குண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகிற நம் சம்பிரதாயத்தில், சாந்துச்சட்டிக்கும் ஒரு பொட்டு வைக்கிறவர்கள் உண்டு என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

கட்டியவர் பெயர் நில்லாத இந்த ஊரில் ஒரு மேஸ்திரியின் பெயர் நிலைத்துவிட்டது, அதுவும் ஒரு விசித்திரமான காரணத்தால். விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு ஊரைச் சுற்றி எழுந்த கோட்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பயனற்றுப் போய், அகழி நாற்றமெடுத்து, ஊரை நெருக்கிக்கொண்டிருந்தது. கலெக்டராக வந்த பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்துவிடத் தீர்மானித்தார். கோட்டையை இடிப்பதற்கு ஆள் கிடைப்பது எளிதாயில்லை. எனவே இடிப்பவர் இடித்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சலுகை அளித்து வேலையை முடித்தார் என்பர். அப்பணியை மேற்பார்த்த இருவரின் பெயர்களே பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று கோட்டை இருந்த தடத்தில் இன்றும் விளங்குகின்றன. கலெக்டரின் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. கட்டிய கொத்தர்களுக்கு வாய்க்காத சிரஞ்சீவித்துவம் இடிப்பை நடத்தியவருக்கு வாய்த்தது. பெரியார் பேருந்து நிலையத்தருகே ஒரு கொத்தளம் மட்டும் தப்பி நிற்கிறது. பேருந்துக்கு ஓடுகிறவர்களில் அதைத் திரும்பிப் பார்க்கிறவர் மிகச் சிலரே.

சுண்ணாம்பின் கடைசிப் பெருங்காரியங்களுள் ஒன்று மதுரைச் சீமைக்காகவே, ஆனால் மதுரைக்கு வெளியே, மலைக்காட்டில் நடந்தது. 1887-இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட பெரியாறு அணை, பொறியாளர் பென்னிகுக்கின் தலைமையில், சுண்ணாம்போடு செங்கற்பொடியைக் கலந்த சுர்க்கிச் சாந்தால் 176 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்டது. முன்னும் பின்னும் கல்லடுக்கு. நடுவில் சுர்க்கிக் காங்கிரீட்டு. வெள்ளமும் காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோன அந்த வேலைத்தலத்திலிருந்து குகை வழியே திரும்பி வைகையில் விழுந்த நீர்தான், மேலூர் வட்டாரத்து மானாவாரி நிலத்தை இருபோகமாக்கியது. அதே காலத்தில் ஐரோப்பாவில் போர்ட்லண்ட் சிமெண்டு வேரூன்றிவிட்டது. இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் என்பவர் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றது 1824-இலேயே. கப்பலில் வர வேண்டிய அந்தப் பொருளை நம்பாமல், உள்ளூர்ச் சுண்ணாம்பையும் சுட்ட மண்ணையும் நம்பியது சிக்கனம் கருதிய ஏற்பாடுதான். அதில் நம் பழைய மரபின்மேல் பக்தி ஏதும் இருந்ததாக நாம் மகிழ்ந்துகொள்ள வேண்டியதில்லை.

பிறகு சிமெண்டு வந்தது. 1934-இல் கோவைக்கருகே மதுக்கரையில் ஆலை எழுந்தது. 1957-இல் தோன்றிய மதராஸ் சிமெண்ட்ஸ் விருதுநகரை அடுத்த துலுக்கப்பட்டியில் ஆலை அமைத்தபின், மதுரைக்கு மூட்டை வந்து சேர அரைநாள் போதுமென்றாயிற்று. கரணையின் வடிவத்தைச் சிமெண்டு மாற்றவில்லை. அதன் காலத்தை மாற்றியது. தண்ணீர் பட்டு அரைமணி நேரத்துக்குமேல் தாமதிக்காமல் கலவையைச் சுவரில் ஏற்றியாக வேண்டும் என்றான பிறகு, மாதக்கணக்கில் ஊறவைத்தல், மாடு பூட்டி அரைத்தல், கூழாங்கல்லால் தேய்த்தல் எல்லாம் ஒரு தலைமுறைக்குள் வேடிக்கைச் செய்தியாயின. வீசி அப்பி, மட்டக்கோலால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, மாலைக்குள் ஒரு சுவரை முடிக்கிறவரே நல்ல கொத்தனார். அமைச்சர்கள் அடிக்கல் நாட்டுகையில் ஒரு வெள்ளிக் கரணையை நீட்டி, ஒரு சிட்டிகைக் கலவையை வைக்கச் சொல்லுகிற வழக்கமும் துரைமார் நாளில் வந்து ஒட்டிக்கொண்டது. வைபவங்களில் கரணைக்குக் கிடைத்த மரியாதை அதோடு சரி.

தோட்டத்துக் கரணையைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைக் கொல்லைகளில் மண்ணைக் கிளறுவது களைக்கொத்தும் மண்வெட்டியுமே. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இவற்றால் வளர்ந்தது. தொட்டிச்செடி வளர்க்கும் மாடிவீடுகளுக்குத்தான் கைக்கு அடக்கமான தோட்டக்கரணை வேண்டியிருக்கிறது. அதுவும் இல்லாத வீட்டில் சமையற்கட்டுக் கரண்டி ஒன்று அந்தப் பதவிக்கு வந்துவிடுகிறது.

சுண்ணாம்புக் கரணை அடியோடு மறையாமல் காத்தது கோயில்தான். உளியின் வேலை ஒருமுறை செய்தால் ஆயிற்று. சுதையோ வெயிலிலும் மழையிலும் விண்டு, அரசங்கன்றுக்கு இடம் கொடுத்து, பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறையாவது கை வைக்கச் சொல்கிறது. 1963-இலும் 1995-இலும் 2009-இலும் மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த குடமுழுக்குகளுக்கு முன், கோபுரங்கள் சாரத்துக்குள் மறைந்து, உடைந்த கையும் மூக்கும் மீண்டும் எழுந்து, வர்ணம் ஏறின. செங்கற்கருவின்மேல் சாந்தை அப்பி, விரலகலமே உள்ள சிறு கரணைகளால் இமையையும் நகத்தையும் வழிக்கும் ஸ்தபதிகளுக்கு இந்த ஜீர்ணோத்தாரணமே பள்ளிக்கூடமாயிருந்து வந்திருக்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை வைத்து அடைத்தால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே உப்புப் பூத்து, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியே சுவர் உதிரும் என்பதைப் பல கோயில்களில் பட்டுணர்ந்த பிறகு, பழங்கட்டடப் பணிகளில் சுண்ணாம்பையே கையாள வேண்டும் என்ற வற்புறுத்தல் இப்போது எழுந்திருக்கிறது. தொட்டி கட்டி ஊறவைப்பதற்கு இடமும் பணமும் கிடைக்கின்றன. பதம் அறிந்த கை கிடைப்பதுதான் அரிதாயிருக்கிறது.

கரணைக்கு அண்மையில் இந்த வட்டாரத்தில் ஒரு புதிய உத்தியோகமும் வாய்த்தது. 1945-இல் புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, குழியைச் சதுரமாக வகுத்து மண்ணடுக்கை ஒவ்வொன்றாக நீக்கும் முறையை நம் நாட்டில் நிலைநாட்டிய முயற்சிகளுள் ஒன்று. அந்த முறைக்கு உயிர்நாடி சிறு கரணையே. கீழடியில் உள்ளூர் ஆண்களும் பெண்களும் குழிக்குள் குந்தி அதே கருவியால்தான் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டினார்கள். கொத்தன் படலத்தின்மேல் படலம் ஏற்றுகிறான். இவர்கள் படலம் படலமாக இறக்குகிறார்கள். குழியின் பக்கச்சுவரைத் தூக்குக்குண்டு பிடித்தாற்போல் செங்குத்தாகச் சீவி நிறுத்துவதில் மட்டும் இருவருக்கும் வேற்றுமை இல்லை. சித்தாளுக்குக் கட்டடத்தில் மறுக்கப்பட்ட கரணை அங்கே, தென்னந்தோப்பின் நடுவே தோண்டிய குழியில், பெண்களின் கைக்கு வந்தது. அவர்கள் வெளிப்படுத்திய செங்கல் வரிசைகளும் உறைகிணறுகளும் ஆய்வேடுகளில் ஏறின. கிடைத்த பொருள்களை வைப்பதற்கு, செட்டிநாட்டுப் பாணியில் கட்டிய அருங்காட்சியகம் ஒன்று 2023 மார்ச் 5-ஆம் தேதி திறக்கப்பட்டு, இப்போது மதுரைக்கு வருகிறவர்கள் கோயிலையும் மகாலையும் பார்த்துவிட்டு அங்கேயும் போய்வருகிறார்கள்.